திண்டுகளால் அணைக்கப்பட்ட தீ

வீட்டுக்குள் மின்சாரம் புகுந்த கதையைக் கண்டுபிடிப்பாளர்களின் கதையாகவே நாம் பள்ளி நாட்களிலிருந்து படித்து வந்திருக்கிறோம். ஃபாரடே, ஸ்வான், எடிசன் என்று அந்த வரிசை நீளும். ஆய்வுக்கூடத்தில் ஒரு விளக்கு எரிந்த நாளுக்கும், சுவரில் உள்ள பொத்தானைத் தட்டிவிட்டு ஒரு குடும்பம் கவலையின்றி உறங்கச் சென்ற நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கிடக்கின்றன. அவ்வாண்டுகளில் என்ன நடந்தது என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் ஒரு தனி வகை மனிதர்கள். புதிய கருவி ஒன்று சந்தைக்கு வருமுன்பே அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் கூடத்தையும் சமையலறையையும் சோதனைக்களமாக்கி, மனைவி மக்களின் பொறுமையை அளந்து பார்த்தவர்கள். இன்றும் ஒவ்வொரு தெருவிலும் இவர்களில் ஒருவரேனும் இருக்கக் காண்கிறோம். இவ்வினத்தின் முன்னோடிகளில் மிகச் சுவையான ஒருவரை இக்கட்டுரையில் சந்திப்போம். அவர் இங்கிலாந்தின் பிரதமராக மும்முறை இருந்தவர் என்பது கதைக்குக் கூடுதல் சுவை.

ராபர்ட் காஸ்கோய்ன் செசில், மூன்றாம் சாலிஸ்பரி பிரபு, 1830ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்டுஷயரில் உள்ள ஹாட்ஃபீல்டு மாளிகையில் பிறந்தார். 1885 முதல் 1902 வரையிலான பதினேழு ஆண்டுகளில் இடையிடையே சில ஆண்டுகள் நீங்கலாக அவரே பிரதமர். பழமைவாதக் கட்சியின் தலைவர். அரசியலில் மாற்றம் என்ற சொல்லையே ஐயத்தோடு நோக்கியவர். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அவர் வேறு மனிதர். மாளிகையில் தமக்கென ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். நிழற்படம் எடுப்பதில் மூழ்கினார். குறைந்த வெப்பநிலையில் தோன்றும் நிறமாலைக் கோடுகளைப் பற்றி 1873இல் 'ஃபிலசாஃபிக்கல் மேகசின்' என்னும் அறிவியல் இதழில் கட்டுரை எழுதினார். 1869இலேயே ராயல் சொசைட்டியின் உறுப்பினராகியிருந்த அவர், 1894இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் தலைவராகவும் உரையாற்றினார். பதவியில் இருந்த பெரிய மனிதருக்கு அலங்காரமாகக் கிடைத்த பட்டங்கள் என்று இவற்றை ஒதுக்கிவிட இயலாது. அவருடைய கைகளில் இருந்த காயங்களே அதற்குச் சான்று.

அக்காயங்களின் கதையை நமக்குச் சொல்லியவர் அவருடைய மகள் க்வெண்டோலன் செசில். தந்தையின் வாழ்க்கை வரலாற்றை நான்கு தொகுதிகளாக எழுதிய அவர், முதலிரண்டு தொகுதிகளை 1921இல் வெளியிட்டார். அரசியல் வாழ்க்கை வரலாறுகளில் அரிதாகவே காணக்கிடைக்கும் நகைச்சுவை உணர்வு அவருக்கு இயல்பாக வாய்த்திருந்தது. ஒருநாள் ஆய்வுக்கூடத்தின் வாயிலில் முகத்திலும் கைகளிலும் இரத்தம் வழிய அவர் தந்தை தோன்றினாராம். குடும்பம் முழுவதும் பதறி நிற்க, அவரோ சரியாக உலர்த்தப்படாத கண்ணாடி வாலையில் சோடியத்தை வைத்துச் சோதித்ததன் விளைவு இது என்று விளக்கினாராம். ஈரத்தைத் தொட்டால் சோடியம் வெடிக்கும் என்று நூல்கள் சொல்கின்றன. அது அவ்வாறே வெடித்ததில் அவருக்குப் பெரும் மனநிறைவு. தாமே தயாரித்த குளோரின் வாயுவைச் சுவாசித்து மயங்கி விழுந்த சம்பவமும் உண்டு. இவற்றையெல்லாம் எழுதும்போது மகளின் நடையில் கண்டிப்பு இல்லை. பல்லாண்டு பழகிப்போன ஒரு குடும்பத்தின் புன்னகை தெரிகிறது.

அடுத்து வந்தது தொலைபேசி. கிரகாம் பெல் 1876இல் காப்புரிமை பெற்ற கருவி, அப்பத்தாண்டு முடிவதற்குள் ஹாட்ஃபீல்டு மாளிகைக்குள் நுழைந்துவிட்டது. தொலைபேசி நிலையம், பிற வாடிக்கையாளர்கள் என்று எதுவும் இல்லாத காலத்தில் வீட்டில் தொலைபேசி வைத்திருப்பவர் யாரோடு பேசுவார்? சாலிஸ்பரி பிரபு தம் வீட்டோடேயே பேசிக்கொண்டார். மாளிகையின் பல இடங்களுக்கும் வெளியே தோட்டப் பகுதிக்கும் கம்பிகள் இழுக்கப்பட்டன. அவை தரையில் அப்படியே விடப்பட்டிருந்ததால் நடப்போரின் கால்களுக்கு வலையாயின. எதிர்பாராத மூலைகளிலிருந்து பிரபுவின் குரல், ஒரு குழந்தைப் பாடலின் வரிகளைப் பல்வேறு ஏற்ற இறக்கங்களோடு திரும்பத் திரும்ப முழங்கியது. விருந்துக்கு வந்த பெரிய மனிதர்கள் திடுக்கிட்டார்கள்.

வெளியுறவுக் கொள்கையை வகுத்த வாயிலிருந்து குழந்தைப் பாடல் வந்ததை வெறும் விளையாட்டாகக் கருத வேண்டியதில்லை. தொடக்ககாலத் தொலைபேசி, பேசுபவரின் குரல் ஆற்றலையே சிறு மின்னோட்டமாக மாற்றி அனுப்பியது. மறுமுனையில் கேட்டது மெலிந்த ஒலிதான். கேட்பவருக்கு முன்பே மனப்பாடமான வரிகளைச் சொன்னால்தான் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று மதிப்பிட முடியும். எடிசன் 1877இல் தம் ஒலிப்பதிவுக் கருவியைச் சோதிக்கும்போது பேசியதும் ஒரு குழந்தைப் பாடலைத்தான். ஒலிபெருக்கி கட்டுபவர் இன்றும் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணிப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான்.

இவ்விடத்தில் தமிழ் வாசகர்களாகிய நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்தப் பிரபுவின் பெயர் நம் மண்ணின் வரலாற்றிலும் உண்டு. அவர் இருமுறை இந்திய விவகாரங்களுக்கான அமைச்சராக லண்டனில் அமர்ந்தவர். முதன்முறை 1866 ஜூலையில் பொறுப்பேற்றபோது ஒரிசாவில் பஞ்சம் முற்றியிருந்தது. அதிகாரிகளின் சொல்லை நம்பி இரண்டு மாதங்கள் ஒன்றும் செய்யாதிருந்ததாகவும், அதற்குள் பருவமழை துறைமுகங்களை மூடிவிட்டதாகவும், பத்து லட்சம் பேர் மாண்டதாகச் சொல்லப்படுவதாகவும் அவரே பின்னாளில் வருந்திக் கூறினார். இரண்டாம் முறை 1874 முதல் 1878 வரை. நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று அழைத்த, சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சம் இவ்வாண்டுகளில்தான் நேர்ந்தது. அதன் நடுவே, 1877இல், வைசிராய் லிட்டனுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், நிபுணர்களை ஒருபோதும் நம்பலாகாது என்பதே வாழ்க்கை தமக்கு ஆழப் பதித்த பாடம் என்னும் பொருள்பட எழுதினார். அக்கடிதத்தின் சூழல் அரசியல் சார்ந்தது. ஆயினும் இத்தகைய மனப்பாங்கு கொண்டவர் தம் வீட்டு மின்விளக்கு வேலையில் தாமே முன்நின்றதில் வியப்பில்லை. தொலைவிலிருந்து எடுக்கப்படும் முடிவுக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்க நேரும் என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த அறிவு எந்த அளவுக்குப் பயன்பட்டது என்பதை இக்கதையின் பிற்பகுதியிலும் நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மின்விளக்குக்கு வருமுன் மாளிகையைப் பற்றிச் சில சொற்கள். ஹாட்ஃபீல்டு மாளிகை 1611இல் கட்டி முடிக்கப்பட்டது. செதுக்கு வேலைப்பாடு மிகுந்த மரப்பலகைகள் சுவர்களையும் கூரைகளையும் மூடியிருந்தன. அதாவது, தீக்கு விருந்து வைத்தாற்போன்ற வீடு. 1835 நவம்பர் 27ஆம் நாள் அவ்விருந்து நடந்தும்விட்டது. சாலிஸ்பரியின் பாட்டியார், 85 வயதான முதிய சீமாட்டி, மாளிகையின் மேற்குப் பகுதியில் தம் அறையில் இருந்தபோது, மெழுகுவத்திச் சுடர் அவருடைய தலையலங்காரத்தில் பற்றியிருக்க வேண்டும் என்று நம்பப்படுகிறது. மேற்குப் பகுதி முழுவதும் எரிந்தது, பாட்டியாரும் மாண்டார். அப்போது பேரனுக்கு ஐந்து வயது. தீவிபத்துச் செய்தியைச் சேகரிக்க ஹாட்ஃபீல்டுக்கு அனுப்பப்பட்ட இளம் பத்திரிகை நிருபர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் சார்லஸ் டிக்கன்ஸ். பிற்பாடு 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில், கொலை செய்துவிட்டு ஓடும் பில் சைக்ஸை அவர் ஹாட்ஃபீல்டுக்கு வரவழைத்துப் பெருந்தீ ஒன்றின் நடுவே அலையவிட்டதை இலக்கிய வாசகர்கள் நினைவுகூரக்கூடும்.

எனவே, மெழுகுவத்தி பாதுகாப்பானது, மின்சாரம் ஆபத்தானது என்னும் எளிய கணக்கு அவ்வீட்டில் செல்லுபடியாகாது. சுடரே இல்லாத ஒளி என்பது அக்குடும்பத்துக்கு வேடிக்கைப் பொருளாக மட்டும் இருந்திருக்க முடியாது. ஆனால் சுடரில்லாத ஒளி எளிதில் கிடைக்கவில்லை.

1870களில் கிடைத்த மின்னொளி வில்விளக்குதான். இரண்டு கரித்தண்டுகளின் முனைகளுக்கிடையே மின்சாரம் தாவும்போது உண்டாகும் கண்ணைக் கூசும் வெண்மையான ஒளி அது. 1876இல் பாரிஸில் இருந்த ருஷ்யப் பொறியாளர் யாப்ளச்கோவ், இரு தண்டுகளையும் இணையாக நிறுத்தி இடையே மின்கடத்தாப் பொருளை வைத்து, மெழுகுவத்திபோல் மேலிருந்து கீழாக எரியும் ஒரு வடிவத்தைச் செய்தார். அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் எரியும். நடுவில் அணைந்தால் புதியதைப் பொருத்த வேண்டும். வீதிகளுக்கும் ரயில் நிலையங்களுக்கும் பொருந்திய இவ்வொளி வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும்? சாலிஸ்பரி உணவுக்கூடத்தின் கூரை நடுவே வில்விளக்கை ஏற்றிப் பார்த்தார். விருந்தினர்கள் அதிரும் அந்த ஒளியின் கீழ் அமர்ந்து உண்ண வேண்டியதாயிற்று. மெழுகுவத்தியின் பொன்னொளிக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒப்பனையும் ஆடை வண்ணமும் அணிகலன்களும் அவ்வெண்ணொளியில் இரக்கமின்றி அம்பலமாயின. சீமாட்டிகளின் முனகல்களையும் மகளின் நூல் பதிவு செய்திருக்கிறது. ஒரு தொழில்நுட்பம் வேலை செய்கிறதா என்ற கேள்வியோடு, அதன் கீழ் மனிதர்கள் அமர்ந்து உண்ண முடியுமா என்ற கேள்வியும் உண்டு என்பது அவ்விருந்துகளில் வெளிப்பட்டது.

விடை வடக்கிலிருந்து வந்தது. நியூகாசிலைச் சார்ந்த ஜோசப் ஸ்வான், காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய கரியிழையை ஒளிரச்செய்யும் விளக்கை 1879 பிப்ரவரியில் அந்நகரின் இலக்கிய, தத்துவக் கழகத்தில் செய்து காட்டினார். அக்கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். வழக்கறிஞராகத் தொடங்கி, நீரழுத்தத்தால் இயங்கும் பளுதூக்கிகளையும் பீரங்கிகளையும் உருவாக்கிப் பெரும் செல்வரானவர். நார்தம்பர்லாந்தில் ராத்பரி என்னும் ஊரருகே கிராக்சைடு என்ற மலைச்சரிவு மாளிகையைக் கட்டியிருந்தார். நீரழுத்த மின்தூக்கி, தண்ணீரின் விசையால் தானே சுழலும் இறைச்சிக் கம்பி என்று அவ்வீடே ஓர் இயந்திரக் கண்காட்சி. 1878இல் அங்கே ஓர் ஓடையின் நீரால் டைனமோவைச் சுழற்றி ஓவியக்கூடத்தில் வில்விளக்கு எரிக்கப்பட்டது. 1880 இறுதியில் ஸ்வானின் விளக்குகள் அதன் இடத்தைப் பிடித்தன.

1881 ஜனவரியில் 'தி எஞ்சினியர்' இதழுக்கு ஆம்ஸ்ட்ராங் எழுதிய கடிதம் இத்துறை ஆர்வலர்கள் தவறவிடக்கூடாதது. டர்பைன் 6 குதிரைத்திறன் கொண்டது. வீட்டிலிருந்து 1500 கெஜம் தொலைவில் இருந்தது. வீட்டில் 45 விளக்குகள். அறைக்கு அறை மின்சாரத்தை மாற்றிக்கொள்ள முடிந்ததால் ஒரே நேரத்தில் 37க்கு மேல் தேவைப்படவில்லை. இவ்வாறு ஒரு கணக்கப்பிள்ளையின் கவனத்தோடு எழுதிச் செல்கிறார். நூலகத்தில் அவர் செய்த ஏற்பாடு குறிப்பிடத்தக்கது. செம்பின் மேல் வண்ணப்பூச்சு செய்த பூச்சாடிகளையே விளக்குத் தண்டுகளாக்கினார். சாடியின் செம்பு உடலே ஒரு மின்வழி. அடியில் உள்ள பாதரசக் கிண்ணத்தில் மூழ்கும் கம்பி இன்னொரு வழி. சாடியைத் தூக்கினால் விளக்கு அணையும். மீண்டும் வைத்தால் எரியும். சுவிட்ச் என்ற சிறு பொருள் நம் சுவருக்கு வந்து சேருமுன் இப்படிப்பட்ட வேடங்களையும் தரித்திருக்கிறது! மின்சாரம் பாயும் செம்பைக் கையால் தொட்டுத் தூக்குவதும், திறந்த பாதரசத்தை நூலக மேசையில் வைத்திருப்பதும் இன்று எந்த ஆய்வாளரும் அனுமதிக்காத செயல்கள்.

ஹாட்ஃபீல்டிலும் புதிய இழைவிளக்குகள் வந்தன. மாளிகைக்கு அப்பால் லீ ஆற்றங்கரையில் மரம் அறுக்கும் ஆலை ஒன்று இருந்தது. அதன் நீர்ச்சக்கரத்தோடு டைனமோ பிணைக்கப்பட்டது. ஆலையிலிருந்து பூங்காவின் குறுக்கே கம்பிகள் இழுக்கப்பட்டு மாளிகைக்குள் கொண்டுவரப்பட்டன. ஆம்ஸ்ட்ராங் தொழில்முறைப் பொறியாளர்; அவர் வீட்டில் விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. சாலிஸ்பரி ஆர்வலர், அவர் வீட்டில் விளக்குகள் தம் விருப்பப்படி எரிந்தன. சில மாலைகளில் அணையப்போகும் நெருப்பின் கங்குபோல மங்கிய சிவப்பொளி மட்டும் தெரிய, வீட்டார் தடவித் தடவி நடந்தார்கள். வேறு சில மாலைகளில் ஒளி ஏறிக்கொண்டே போய்ச் சிறு மின்னல்களாகச் சிதறியது. ஒரு விளக்குக் கொத்து அளவுக்கு மீறி ஒளிர்ந்து அணையும். அடுத்தது அதைப் பின்பற்றும். இறுதியில் படுக்கையறை மெழுகுவத்திகளை எடுத்துவந்து மாலைப்பொழுதைக் கழிக்க வேண்டியதாயிற்று.

இதன் காரணம் இன்று நமக்கு எளிதில் விளங்குகிறது. நீர்ச்சக்கரத்தின் வேகம் மாறினால் டைனமோவின் அழுத்தமும் மாறும். ஒரு தொகுதி விளக்குகள் கருகி அணைந்ததும் டைனமோவின் சுமை குறையும், கட்டுப்படுத்தும் கருவி ஏதும் இல்லாவிட்டால் சக்கரம் இன்னும் வேகமெடுக்கும், எஞ்சிய விளக்குகளின் மேல் அழுத்தம் கூடும், அவையும் கருகும். ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள் மடிந்ததன் இலக்கணம் இதுதான். மின்தடைக்குப் பிறகு திடீரென உயரழுத்தம் வந்து ஒரே நொடியில் தொலைக்காட்சியும் மின்விசிறியும் கருகிப்போன அனுபவம் உடைய வீடுகளுக்கு இக்கதை அந்நியமாக இராது.

புகழ்பெற்ற அந்த இரவுக்கு இப்போது வருவோம். விருந்து முடிந்து மாளிகையின் நீண்ட கூடத்துக்குள் நுழைந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது, கூரையருகே செதுக்கு வேலைப்பாடு செய்த மரப்பலகை தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு சென்ற கம்பி சூடேறி மரத்தைப் பற்றவைத்துவிட்டது. நல்வாய்ப்பாக அன்று வந்திருந்தவர்கள் வேட்டைக்காக அழைக்கப்பட்ட குழுவினர். அவர்களில் இளைஞர்கள் பலர். அவர்கள் மகிழ்ச்சியோடு களத்தில் இறங்கி, சோபாக்களில் கிடந்த திண்டுகளை எடுத்துக் குறிபார்த்து வீசித் தீயை அணைத்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டிக்குத் தேவை ஏற்படவில்லை. க்வெண்டோலன் இக்காட்சியை எழுதியிருக்கும் விதத்தில் போர்க்களச் செய்தியின் தோரணையும் குறும்பும் கலந்திருக்கின்றன. சாலிஸ்பரியைப் பற்றி எழுதும் எவரும் இதை விட்டுவைப்பதில்லை.

கம்பி ஏன் சூடேறியது? ஒரு கம்பியில் மின்னோட்டம் இருமடங்கானால் அதில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். மெல்லிய கம்பியில் விளக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரியாமல் அது அடுப்பாக மாறிவிடும். அவ்வாறு மாறுமுன் தானே உருகித் துண்டித்துக்கொள்ளும் ஈயத்துண்டு ஒன்று நடுவில் இருந்தால் போதும், அதுதான் ஃபியூஸ். இன்று மாலை நம் வீட்டில் எம்சிபி கீழே விழுந்து இருள் சூழ்ந்தால் எரிச்சலடைகிறோம். ஹாட்ஃபீல்டில் அந்த வேலையைச் செய்ய இருந்தவை திண்டுகள் மட்டுமே.

இதுவரை சொன்னவை யாவும் சிரிப்பை வரவழைப்பவை. ஆனால் அதே மின்னமைப்பு ஓர் உயிரையும் குடித்திருக்கிறது. 1881 டிசம்பரில், ஹாட்ஃபீல்டு பூங்காவில் வேலை செய்துகொண்டிருந்த இளந்தொழிலாளி ஒருவர், டைனமோவிலிருந்து மாளிகைக்குச் சென்ற கம்பியைத் தொட நேர்ந்து அவ்விடத்திலேயே இறந்தார். இங்கிலாந்தில் விளக்குக்கான மின்சாரம் பலிகொண்ட முதற்சிலருள் அவர் ஒருவர். மாளிகை ஒளியால் அவருக்கு நேரடிப் பயன் ஏதும் இல்லை. அந்த விருந்துகளுக்கு அவர் அழைக்கப்பட்டதில்லை. அக்கம்பியில் ஓடியது என்ன, அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பது அந்தக் காலத்தில் படித்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது. கண்ணுக்கு அது வெறும் கம்பி. பாம்பென்றால் சீறும், நெருப்பென்றால் சுடர் விடும்; இதுவோ எந்த எச்சரிக்கையும் செய்யாத புதுவகை ஆபத்து.

இவ்விரு சம்பவங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நமக்கு ஒரு கலக்கம் ஏற்படுகிறது. கூடத்தில் நேர்ந்த தீயை நூறாண்டுகளுக்கும் மேலாக எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லி வருகிறார்கள். பூங்காவில் நேர்ந்த சாவு மின்பொறியியல் வரலாற்றாசிரியர்களின் நூல்களில் சில வரிகளாக நின்றுபோனது. சாலிஸ்பரி கல்நெஞ்சர் என்று நிறுவுவது நம் நோக்கமன்று. ஒரிசாவுக்காகத் தம்மையே குற்றஞ்சாட்டிக்கொண்டவரை அவ்வாறு எளிதில் தீர்ப்பிட்டுவிட முடியாது. நினைவு எங்கே சேமிக்கப்படுகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. கூடத்தில் எழுதத் தெரிந்த ஒரு மகள் இருந்தார். பூங்காத் தொழிலாளியின் வீட்டில் யார் இருந்தார்கள், அன்றிரவு அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு நான்கு தொகுதிகளில் நூல் இல்லை. ஆர்வலரின் விபத்து குடும்பக் கதையாகிறது. ஆர்வலருக்காக உழைத்தவரின் விபத்து விசாரணைக் குறிப்பாகிறது.

அடுத்த ஆண்டே, 1882 ஜூனில், லண்டனில் இருந்த தந்திப் பொறியாளர்கள், மின்னியலாளர்கள் சங்கம் மின்விளக்கால் நேரும் தீவிபத்துகளைத் தடுப்பதற்கான விதிகளை வெளியிட்டது. சில பக்கங்களே கொண்ட சிறு வெளியீடு. ஹாட்ஃபீல்டு நிகழ்ச்சிகளே அதற்குக் காரணம் என்று சொல்ல இயலாது. அத்தகைய நிகழ்ச்சிகள் பல இடங்களில் நேர்ந்துகொண்டிருந்த காலம் அது. டைனமோவை எங்கே வைப்பது, கம்பியை எப்படி இழுப்பது, விளக்கை எப்படிப் பொருத்துவது என்று விதிகள் விரிந்தன. தலைப்பில் தீ மட்டுமே இடம்பெற்றிருந்தபோதிலும், கடைசியில் மனிதருக்கு நேரும் ஆபத்து பற்றியும் ஒரு பகுதி இருந்தது. கட்டடத்துக்குள் இருப்பவர்கள் 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட மாறுதிசை மின்னோட்டத்தின் தாக்குதலுக்கு ஆளாகாதபடி அமைக்க வேண்டும், ஒரே அறைக்குள் எந்த இரு புள்ளிகளுக்கும் இடையே 200 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது என்று அது வரையறுத்தது. கட்டடத்துக்குள் இருப்பவர்கள் என்ற சொற்களை நாம் அடிக்கோடிட்டுப் படிக்கிறோம். பூங்காவில் இறந்தவர் கட்டடத்துக்கு வெளியே இருந்தார்.

அச்சிறு வெளியீட்டின் வழித்தோன்றல் பிரிட்டனில் இன்றும் நடைமுறையில் உள்ளது. 2018இல் வெளியான அதன் 18ஆம் பதிப்பு ஒரு பருமனான நூல். அது பருமனானதற்குக் காரணம் எழுதியவர்களின் பேச்சாசை என்று நாம் நினைக்கவில்லை. நிலக்கம்பி ஏன் வேண்டும், குளியலறைக்குள் ஏன் சாதாரண சுவிட்ச் கூடாது, இத்தனை விளக்குக்கு இவ்வளவு பருமனான கம்பி என்ற கணக்கு எதற்கு என்று எந்த விதியைத் தோண்டினாலும் அதனடியில் ஏதோ ஒரு வீட்டின் ஓர் இரவு கிடக்கும். சில இரவுகள் திண்டுகளோடு முடிந்தன. சில அவ்வாறு முடியவில்லை.

சாலிஸ்பரியின் ஆர்வம் இவ்விபத்துகளால் குன்றிவிடவில்லை. 1889இல் மின்பொறியாளர்கள் நிறுவனம் நடத்திய விருந்தில், பிரதமராக அவர் ஆற்றிய உரை கருத்தூன்றத்தக்கது. நீராவி எந்திரம் மனிதர்களை வீட்டிலிருந்து பிரித்துத் தொழிற்சாலைகளில் குவித்தது. மின்சாரமோ குழாயில் வரும் எரிவாயுபோல ஒவ்வொரு கைவினைஞர் வீட்டுக்கும் விசையைக் கொண்டுவந்துவிட்டால், ஆணும் பெண்ணும் தம் இல்லத்திலேயே தொழில் செய்யலாம், குடும்பம் சிதறாது என்னும் பொருள்படப் பேசினார். மாற்றத்தை அஞ்சிய பழமைவாதியும் கருவிகளை நேசித்த ஆர்வலரும் அவ்வுரையில் ஒன்று கலந்துவிட்டதைக் காண்கிறோம். புதிய கருவியைக் கொண்டு பழைய குடும்பத்தைக் காப்பாற்றிவிடலாம் என்பது அவர் கனவு.

அக்கனவின் ஒரு வடிவத்தை நாம் கொங்குநாட்டில் கண்டிருக்கிறோம். வீட்டின் முன்னறையில் விசைத்தறி ஓட, பின்னறையில் குழந்தை உறங்கும் ஊர்கள் அங்குண்டு. விசை வீட்டுக்கு வந்தது; குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. ஆனால் ஆலையின் இரைச்சலும் பஞ்சுத் தூசியும் இரவுப்பணியும் கூடவே வீட்டுக்குள் வந்துவிட்டன. மாளிகையின் உணவுக்கூடத்தில் நின்று பார்க்கும் ஆர்வலருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. தறியருகே நிற்பவருக்கு முதல் நாளே தெரியும்.

1902இல் பதவி துறந்த சாலிஸ்பரி, 1903 ஆகஸ்ட் 22ஆம் நாள் தாம் பிறந்த அதே மாளிகையில் காலமானார். முதுமையில் உடற்பயிற்சிக்காக அவர் மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டினார் என்பதும், மேட்டில் ஏறும்போது பணியாள் ஒருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது என்பதும் அவரைப் பற்றி விரும்பிச் சொல்லப்படும் இன்னொரு செய்தி. இங்கும் வண்டியில் இருப்பவர் பெயர் நமக்குத் தெரிகிறது. தள்ளியவர் பெயர் தெரியவில்லை. ஹாட்ஃபீல்டு மாளிகை இன்றும் செசில் குடும்பத்தாரிடமே இருக்கிறது. பார்வையாளர்கள் அந்த நீண்ட கூடத்தில் நடந்து செல்லலாம். தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ள கிராக்சைடில் 2014இல் நீரோட்டத்தால் சுழலும் திருகு ஒன்று நிறுவப்பட்டு, மீண்டும் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டது.

வீட்டில் புதுக்கருவி வாங்குவோரை எள்ளி நகையாட நாம் இக்கதையைச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் நாம் இன்னும் மெழுகுவத்தியின் அருகில் தலையலங்காரத்தோடு அமர்ந்திருப்போம். அதன் ஆபத்தை 1835இன் அந்த நவம்பர் இரவு காட்டியிருக்கிறது. குரலுக்குப் பணியும் விளக்கு, கூரைமேல் சூரியத்தகடு, வாசலில் மின்னேற்றம் பெறும் ஸ்கூட்டர் என்று இன்றைய ஆர்வலர்கள் செய்துகொண்டிருப்பதும் சாலிஸ்பரி செய்ததன் தொடர்ச்சிதான். அவர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. கருவி வேலை செய்யத் தொடங்கியதும் நண்பர்களைக் கூட்டிக் காட்டுவதற்கு முன், அதன் கம்பி எந்த வழியாக வருகிறது, அவ்வழியில் யார் நடமாடுகிறார்கள் என்று ஒருமுறை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டு வேலைக்கு வருபவர், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுபவர், கூரைமேல் ஏறித் தகட்டைத் துடைப்பவர் ஆகியோருக்கும் அது என்னவென்று சொல்லி வையுங்கள்.